மகளிர் குழுத் தலைமையை அளப்பது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

பல வருடங்களுக்கு முன் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவைத் தரம் பார்க்கப் போயிருந்தேன். 100க்கு 92 போட்டேன். தீர்மானப் புத்தகம் அச்சடித்த மாதிரி இருந்தது. கடன் பேரேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. குழுவை முன்நின்று நடத்தும் ஊக்குநர் அக்கா நான் கேட்டதற்கெல்லாம் பக்கத்தைப் புரட்டாமலே பதில் சொன்னார்.

எட்டு மாதம் கழித்து அவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார். அடுத்த மாதம் கூட்டம் நடக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. கணக்கு எழுத யாருக்கும் தெரியவில்லை. வங்கியில் யாரைப் போய்ப் பார்ப்பது என்று தெரியவில்லை. யார் எவ்வளவு பாக்கி என்பதே சண்டையாகி, குழு கலைந்தது. அந்த 92ஐக் குழுவுக்குப் போட்டதாகத்தான் நினைத்திருந்தேன். உண்மையில் ஒரே ஒரு பெண்ணின் ஞாபகசக்திக்குப் போட்டிருக்கிறேன்.

அந்தத் தவறிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவானதுதான் இங்கே எழுதியிருக்கும் முறை. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் பொறுப்பில் இருப்பவர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள், ஏன், தன் குழுவைப் பற்றிச் சந்தேகம் வந்த ஒரு சாதாரண உறுப்பினர்கூட இதைச் செய்யலாம். ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர், இரண்டு கைப்பிடி புளியங்கொட்டை போதும். காலம்தான் கொஞ்சம் வேண்டும். ஒரு குழுவுக்கு விட்டு விட்டு மூன்று மாதம் ஆகும்.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்களுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கியது. 1992இல் ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை ஆரம்பித்தது. அப்புறம் மகளிர் திட்டம், இப்போது ஊரக வாழ்வாதார இயக்கம். இத்தனை காலத்தில் குழுவை அளக்கப் படிவங்கள் நிறைய வந்துவிட்டன. தலைமையைத் தனியாக அளக்கும் பழக்கம் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

படி 1: எதற்காக அளக்கிறோம் என்று முதலில் சொல்லிவிடுங்கள்

வங்கிக் கடனுக்கு முன் குழுவைத் தரம் பிரிப்பது வேறு வேலை. அந்தப் படிவம் கூட்டம் நடக்கிறதா, சேமிப்பு ஒழுங்கா, கடன் திரும்ப வருகிறதா என்று கேட்கும். கடன் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு அது போதும். நமக்கு வேண்டிய பதில் வேறு: ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் இந்தக் குழுவுக்கு என்ன செய்திருக்கிறார்கள்?

இதையும் இரண்டு காரணங்களுக்காகக் கேட்கலாம். பொறுப்பாளர்களுக்கு எந்த இடத்தில் பயிற்சி தேவை என்று பார்ப்பது ஒன்று. அடுத்த தேர்தலில் மாற்ற வேண்டுமா என்று உறுப்பினர்கள் முடிவெடுக்க உதவுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே முறையில் செய்யாதீர்கள். பதவி போகும் என்று தெரிந்தால் எந்த ஊக்குநரும் தன் சிரமத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார். பயிற்சிக்காக என்று சொல்லிவிட்டு அந்தத் தாளை வைத்துப் பதவியைப் பிடுங்கினால், அந்த ஊராட்சியில் அடுத்து எந்தக் குழுவும் உங்களுக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டாது. யாரோ ஒருவரை மட்டம் தட்டத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால், டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அளப்பவர் இரண்டு பேராக இருப்பது நல்லது. ஒருவர் வேறு ஊராட்சியின் குழுவைச் சேர்ந்தவராக இருக்கட்டும். ஊக்குநருக்குச் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. ஊக்குநரோடு பேச்சுவார்த்தை இல்லாதவராகவும் இருக்கக்கூடாது. சின்ன ஊரில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஆள் கிடைப்பதே பெரிய பாடுதான்.

படி 2: அவர் பொறுப்பேற்ற நாளுக்குப் போங்கள்

இன்று குழு எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்து மட்டும் தலைமைக்கு மதிப்புப் போட முடியாது. நல்ல நிலையில் இருந்த குழுவை வாங்கி அப்படியே ஓட்டுகிறவரும், பாதிப் பேர் விலகிப்போன குழுவை எடுத்து நிமிர்த்தியவரும் இன்று ஒரே எண்ணில் நிற்கலாம்.

அதனால் பழைய தீர்மானப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். பரண்மேல் இருக்கும், கரையான் அரித்திருக்கும், பரவாயில்லை. பொறுப்பு மாறிய தீர்மானம் எந்தத் தேதியில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு முந்தைய ஆறு மாதத்தின் கூட்ட எண்ணிக்கை, வருகை, சேமிப்பு, பாக்கி ஆகிய நான்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆரம்பம் முதல் அதே ஊக்குநர்தான் என்றால் குழுவின் முதல் ஆறு மாதத்தை எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: புத்தகங்களை எண்களுக்கு முன் கண்ணால் பாருங்கள்

தீர்மானப் புத்தகம், வருகைப் பதிவேடு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம், வங்கிப் பாஸ்புக், உறுப்பினர்களின் தனிநபர் பாஸ்புக் எல்லாவற்றையும் பாயில் பரப்பி வையுங்கள். கூட்டல் கழித்தல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

புத்தகம் எத்தனை பேர் கையெழுத்தில் இருக்கிறது? இரண்டு வருடமும் ஒரே கையெழுத்தா? வருகைப் பதிவேட்டில் பதினைந்து கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தமா? தீபாவளியன்று கூட்டம் நடந்ததாக எழுதியிருக்கிறதா? ஊரே கோயில் திருவிழாவில் இருந்த நாளில் பதினைந்து பேரும் வந்து உட்கார்ந்து கடன் தீர்மானம் போட்டிருக்கிறார்கள் என்றால், அந்தப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து மொத்தமாக எழுதப்பட்டது. அதற்காக உடனே திருட்டு என்று குதிக்கவேண்டாம். தணிக்கைக்கு முதல் நாள் ராத்திரி விடிய விடிய உட்கார்ந்து புத்தகம் எழுதும் ஊக்குநர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அதில் களவு இல்லை, களைப்புத்தான் இருக்கிறது.

வங்கிப் பாஸ்புக்கோடு இருக்கும் பையையும் ஒரு பார்வை பாருங்கள். மற்ற பொறுப்பாளர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்த பணம் எடுக்கும் சீட்டுகள் அதில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பொறுப்பாளர்கள் சேர்ந்து கணக்கை இயக்கவேண்டும் என்ற ஏற்பாட்டை அந்தச் சீட்டுகள் ஒருவரின் கைக்குள் கொண்டுவந்துவிடுகின்றன.

படி 4: பஞ்ச சூத்திரத்தை எண்ணாக்குங்கள்

தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தவறாத உள்கடன் (குழுவின் பணத்திலிருந்து உறுப்பினருக்குக் கொடுப்பது), தவறாத திருப்பிச் செலுத்தல், ஒழுங்கான கணக்கு. இந்த ஐந்தும் எல்லாக் குழுவுக்கும் மனப்பாடம். எண்ணாக்கும்போதுதான் வழுக்கும்.

வருகையை எடுத்துக்கொள்வோம். 15 பேர் உள்ள குழு, வாரக் கூட்டம், ஆறு மாதத்தில் 26 கூட்டம் நடந்திருக்கவேண்டும். நடந்தது 22. அந்த 22 கூட்டங்களில் எல்லோரும் வந்திருந்தால் 330 வருகை இருக்கும். பதிவேட்டில் 271 இருக்கிறது. 271ஐ 330ஆல் வகுத்தால் 82 சதவீதம், நல்ல குழு. ஆனால் நடக்காத நான்கு கூட்டங்களையும் சேர்த்துக்கொண்டால் 390க்கு 271, அதாவது 69 சதவீதம்தான். கூட்டம் கூட்டுவது தலைமையின் வேலை என்பதால் நான் இரண்டாவது கணக்கைத்தான் எழுதுவேன்.

திருப்பிச் செலுத்துவதிலும் இதே கதை. ஒரு மாதம் 12 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் டியூ கட்டவேண்டும் என்று வையுங்கள், மொத்தம் 12,000. குறித்த கூட்டத்தில் வந்தது 9,500. மாதக் கடைசிக்குள் மீதியும் வந்துவிட்டது. வங்கியைக் கேட்டால் 100 சதவீதம் என்பார்கள். குறித்த நாளில் வந்ததைப் பார்த்தால் 79. இரண்டுமே உண்மை, இரண்டையும் எழுதுங்கள். இடைவெளியில் இருக்கும் 2,500 ரூபாய் எப்படி வந்தது என்பதில்தான் தலைமை தெரியும். ஊக்குநர் தன் கைக்காசைப் போட்டாரா? வீடு வீடாகப் போய்ச் சத்தம் போட்டாரா? குழுவாகப் பேசித் தவணையைத் தள்ளிவைத்தார்களா? அல்லது அந்தப் பெண் மைக்ரோ பைனான்ஸில் வாங்கிக் கொண்டுவந்து கட்டினாரா?

கடைசிக் கேள்வியைக் கண்டிப்பாகக் கேளுங்கள். வெளிக்கடன் வாங்கி உள்கடனை அடைத்தாலும் பேரேட்டில் 100 சதவீதம் என்றுதான் நிற்கும். கந்துவட்டியிலிருந்து பெண்களை மீட்கத் தொடங்கிய குழுவின் டியூவைக் கந்துவட்டிக்காரர் பணத்தில் கட்டுகிறார்கள் என்றால், அந்த 100ஐ வைத்து யாரைப் பாராட்டுவது? இன்னொரு தந்திரமும் உண்டு: பழைய கடனைக் கட்டிய அதே தேதியில் அதே ஆளுக்கு அதே தொகை புதுக் கடன். பேரேட்டில் தேதிகளை ஒட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம்.

சேமிப்பும் கணக்குப் பதிவும் இவ்வளவு பாடுபடுத்தாது. தற்செயலாக ஐந்து பேரின் தனிநபர் பாஸ்புக்கை வாங்கிப் பேரேட்டோடு ஒப்பிட்டால் போதும்.

படி 5: கடன் யாருக்குப் போனது?

எனக்கு ஒரே ஒரு கணக்குப் போடத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் போடுவேன்.

கடந்த இரண்டு வருடத்தில் கொடுத்த உள்கடன், வங்கிக் கடன் எல்லாவற்றையும் ஆள்வாரியாகக் கூட்டுங்கள். எடுத்துக்காட்டுக்கு, மொத்தம் 6,00,000. அதில் மூன்று பொறுப்பாளர்கள் எடுத்தது 2,70,000. அது 45 சதவீதம். பதினைந்து பேரில் மூன்று பேர் என்றால் 20 சதவீதம். ஆக, தங்கள் எண்ணிக்கைக்கு உரியதைப் போல இரண்டேகால் மடங்கு எடுத்திருக்கிறார்கள்.

இதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஊக்குநர் மாடு வளர்த்து ஒழுங்காகக் கட்டுகிறவராக இருக்கலாம், மற்றவர்கள் பயந்து கடன் கேட்காமல் இருந்திருக்கலாம். அதனால் பட்டியலின் மறுமுனையைப் பாருங்கள். இரண்டு வருடத்தில் ஒரு ரூபாய்கூடக் கடன் எடுக்காதவர்கள் யார்? அவர்கள் எந்தத் தெரு? கேட்டார்களா, கேட்டு மறுக்கப்பட்டதா, கேட்கவே கூச்சமா? இந்தப் பெயர்களைத் தனியாக எழுதி வையுங்கள், படி 6இல் வேண்டியிருக்கும்.

எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தால் நியாயமான தலைமை என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. மகளின் பிரசவச் செலவுக்கு ஒருத்திக்கு 40,000 வேண்டும், இன்னொருத்திக்கு ஒன்றும் வேண்டாம், இரண்டு பேருக்கும் 20,000 என்றால் அந்தக் கூட்டத்தில் தேவையைப் பற்றி யாரும் பேசவில்லை என்று பொருள். வேண்டாதவள் தன் பங்கை இன்னொருவருக்குக் கை மாற்றிவிடுவாள். பெரும்பாலும் அந்த இன்னொருவர் பொறுப்பில் இருப்பவர். கடனை எதற்குச் செலவு செய்தீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். ஆட்டுக்குட்டியின் நிறத்தைக்கூடச் சொல்பவர்கள் உண்டு. “அது... வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்” என்பவர்களும் உண்டு. அப்படிச் சொல்வதாலேயே பினாமிக் கடன் என்று ஆகிவிடாது, நிறைய வீடுகளில் பணம் உண்மையிலேயே கணவன் கையில்தான் போய் முடிகிறது.

படி 6: மூன்று கூட்டம், வாயை மூடிக்கொண்டு

முதல் கூட்டம் உங்களுக்காக நடிக்கப்படும். உறுதிமொழி பிசிறில்லாமல் வரும், எல்லோரும் குழுப் புடவையில் இருப்பார்கள், டீயோடு மிக்சரும் வரும். இரண்டாவது கூட்டத்தில் மிக்சர் நின்றுவிடும். மூன்றாவதில் உங்களை மறந்து சண்டை போடுவார்கள். அதைத்தான் அளக்கவேண்டும்.

புளியங்கொட்டை இங்கேதான். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு சின்னக் கிண்ணம், அல்லது நோட்டில் ஒரு கட்டம். ஒருவர் வாய் திறந்து ஒரு விஷயம் பேசினால் அவர் கிண்ணத்தில் ஒரு கொட்டை. இருமல், “ஆமாங்க்கா” இதெல்லாம் கணக்கில்லை. கூட்டம் முடிந்ததும் எண்ணுங்கள். ஊக்குநர் கிண்ணத்தில் அதிகம் இருப்பது இயல்பு. பொறுப்பில் இல்லாத பன்னிரண்டு பேரில் எத்தனைக் கிண்ணம் காலி என்பதுதான் குறிக்கவேண்டிய எண். மூன்று கூட்டத்திலும் காலியாக இருந்த கிண்ணங்களின் பெயரையும், கடன் எடுக்காதவர்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக்குமேல் ஒத்துப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதோடு இன்னொரு எண். அன்று போட்ட தீர்மானங்களில் எத்தனை, பொறுப்பாளர் அல்லாத ஒருவர் ஆரம்பித்த பேச்சிலிருந்து வந்தவை? ஐந்தில் ஒன்று வந்தாலே கெட்டிக்காரக் குழு என்பேன்.

படி 7: உறுப்பினர்களிடம் கேளுங்கள், ஆனால் இப்படிக் கேளுங்கள்

“உங்க ஊக்குநர் எப்படி?” என்று கேட்டால் “தங்கமானவங்க” என்ற பதில்தான் வரும். ஊக்குநர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் இன்னும் தங்கமாக வரும். தனித்தனியாக, அவரவர் வீட்டிலோ 100 நாள் வேலை நடக்கும் இடத்திலோ போய், அபிப்பிராயத்தை விட்டுவிட்டு நடந்ததைக் கேளுங்கள்.

நான் கேட்பவை இவை. உங்கள் சேமிப்பு இப்போது எவ்வளவு இருக்கிறது? (பதிலைப் பேரேட்டோடு ஒப்பிடுங்கள்.) போன மூன்று மாதத்தில் யாருக்குக் கடன் கொடுத்தார்கள், எவ்வளவு வட்டி? கடைசியாக எந்தத் தீர்மானத்துக்கு நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அப்போது என்ன நடந்தது? ஒரு தவணை கட்ட முடியாதபோது ஊக்குநர் என்ன சொன்னார்? கணக்குப் புத்தகத்தைக் கேட்டால் கையில் கொடுப்பார்களா, கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

மூன்றாவது கேள்விக்கு “அப்படி ஒண்ணும் நடந்ததே இல்லைங்க” என்று பதினைந்து பேரும் சொன்னால், ஒற்றுமை என்று எழுதிவிடாதீர்கள்.

பதினைந்து பேரின் பதிலைக் கூட்டிச் சராசரி எடுத்து, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போடுவதும் வேண்டாத வேலை. ஒருவர் மனம் மாறினாலே ஆறேழு சதவீதம் ஆடிவிடும். பதினொரு பேருக்கு வட்டி தெரியும், நான்கு பேருக்குத் தெரியாது, நான்கு பேரும் ஒரே தெரு என்று எழுதுவது எந்தச் சராசரியையும்விட உதவும்.

அபிப்பிராயத்தை ஏன் இவ்வளவு தள்ளி வைக்கிறேன்? 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்று ஆனது. எந்த ஊராட்சி என்பது சுழற்சியில் மாறியதால் ஆராய்ச்சியாளர்களுக்கு நல்ல ஒப்பீடு கிடைத்தது. ரகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டூப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் 265 ஊராட்சிகளில் தகவல் திரட்டி 2004இல் வெளியிட்டார்கள். பெண்கள் அதிகமாக முறையிடுவது எதைப் பற்றி என்று முதலில் பார்த்தார்கள். பிறகு பணம் எதற்குப் போனது என்று ஊரில் போய் எண்ணினார்கள். இரண்டு மாநிலத்திலும் பெண்களின் முதன்மையான குறை குடிநீர். இரண்டிலும் பெண் தலைவர்கள் இருந்த இடத்தில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவாகியிருந்தது. கேட்டதையும் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்ற இந்த முறையை நம் குழுவுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: உறுப்பினர்கள் கூட்டத்தில் கேட்டவை என்ன, அதில் தீர்மானமானவை என்ன, தீர்மானத்தில் நடந்தவை என்ன?

டூப்லோ பெத்யா தோபலோவாவுடன் சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியமானது. பெண்கள் தலைமையில் இருந்த ஊர்களில் குடிநீர் வசதி அதிகம், இருந்ததும் நல்ல நிலையில் இருந்தது, லஞ்சம் குறைவு. ஆனால் ஊர்க்காரர்களிடம் திருப்தியா என்று கேட்டால் அங்கேதான் திருப்தி குறைவு! பின்னர் மேற்கு வங்கத்தில் ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவுசெய்து போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைவாக மதிப்புப் போட்டார்கள்.

நம் குழுவில் எல்லோருமே பெண்கள்தானே என்று நினைக்கலாம். இங்கே அந்தச் சாய்வு வேறு வேடத்தில் வரும். கணவனை இழந்தவர், மற்ற தெருக்காரர், வயதில் இளையவர், சொந்த வீடில்லாதவர் ஊக்குநராக இருந்தால், அவர் செய்வதைவிடக் குறைவாகவே அவரைப் பற்றிச் சொல்வார்கள். பெரிய வீட்டு மருமகளுக்குச் செய்யாததும் சேர்ந்து வரும்.

குழுவை விட்டு விலகியவர்களை மறக்காதீர்கள். டியூவில் 100 சதவீதம் காட்ட எளிய வழி, கட்ட முடியாதவர்களை மெல்ல வெளியே தள்ளிவிடுவது. பழைய வருகைப் பதிவேட்டில் இருந்து இப்போது இல்லாத பெயர்களை எடுத்து, குறைந்தது இரண்டு பேரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். சேமிப்பைத் திருப்பிக் கொடுத்தார்களா, எத்தனை முறை அலையவிட்டார்கள் என்று கேட்டால் மீதிக் கதை தானாக வரும்.

படி 8: அவர் இல்லாத நாளை அளங்கள்

நான் 92 போட்ட குழுவில் செய்யாமல் விட்டது இதுதான்.

வருகைப் பதிவேட்டில் ஊக்குநர் வராத தேதிகளைக் கண்டுபிடியுங்கள். ஒரு வருடத்தில் நான்கைந்து இருக்கும். அதே தேதிக்குத் தீர்மானப் புத்தகத்தைத் திருப்புங்கள். பக்கமே இல்லை என்றால் கூட்டம் நடக்கவில்லை. “ஊக்குநர் வராததால் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது” என்று இருந்தால், கூடினார்கள், ஆனால் முடிவெடுக்கத் தைரியமில்லை. சேமிப்பு வாங்கி, கடன் மனு பேசி, தீர்மானம் போட்டு, வேறு ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால் அந்த ஊக்குநருக்கு அங்கேயே ஒரு சலாம் போடலாம்.

ஊக்குநர் ஒரு கூட்டம்கூடத் தவறவிட்டதில்லை என்றால்? அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அவரிடமே விளக்கமாகச் சொல்லி, சம்மதம் வாங்கி, இரண்டு கூட்டத்துக்கு வராமல் இருக்கச் சொல்லுங்கள். மகள் வீட்டுக்குப் போய்வரட்டும். நீங்களும் போகாதீர்கள், நீங்கள் போனால் உங்களையே தலைவராக்கி உட்காரவைத்துவிடுவார்கள். பிறகு புத்தகத்தைப் பாருங்கள். ஒரு ஊக்குநர் இதற்கு ஒத்துக்கொண்டுவிட்டு, கூட்டம் நடந்த வீட்டுக்கு மூன்று முறை போன் போட்டிருக்கிறார். அதையும் எழுதிக்கொண்டேன்.

வங்கிக்கு இதுவரை போயிருப்பவர்கள் எத்தனை பேர், பெட்டியும் சாவியும் ஒரே வீட்டிலா என்றும் கேளுங்கள். பொறுப்பாளர்களைச் சுழற்சியில் மாற்றிவிட்டோம் என்று சொல்லும் குழுவில் புத்தகத்தின் கையெழுத்தும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தீர்மானத்தில் பெயர் மாறியிருக்கும், ஆனால் புது ஊக்குநர் எதைக் கேட்டாலும் பழைய ஊக்குநர் முகத்தைப் பார்ப்பார்.

படி 9: மழையையும் புயலையும் கழித்துவிடுங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறித் தென்னையை அடியோடு சாய்த்தது. அந்தப் பகுதியில் ஒரு குழுவின் அடுத்த ஆறு மாத டியூவை வைத்து ஊக்குநருக்கு மதிப்புப் போட்டால் அது புயலுக்குப் போட்ட மதிப்பு. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், 2020இல் ஊரடங்கு, இவையும் அப்படித்தான். 2020இல் ரிசர்வ் வங்கியே ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது.

இதற்கு ஒரே வழி, அதே ஊரில் அதே தொழில் செய்யும் வேறு இரண்டு குழுக்களின் எண்களையும் எடுப்பது. எல்லாக் குழுவும் விழுந்திருந்தால் விழுந்ததைப் பேசாதீர்கள், எழுந்திருக்க எத்தனை மாதம் ஆனது என்று பாருங்கள். பக்கத்துக் குழு பத்து மாதம் எடுத்த இடத்தில் இவர்கள் ஐந்தில் எழுந்திருந்தால், அந்த ஐந்து மாதத்தில் ஊக்குநர் என்ன செய்தார் என்று உட்கார்ந்து கேட்டு எழுதத் தகுந்த விஷயம்.

ஊக்குநர் தன் பக்கத்திலிருந்து கொடுக்கும் விலையையும் எழுதுங்கள். வங்கிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும். அதைக் குழு கொடுக்கிறதா? எதுவும் கொடுக்காமல், நேரமும் கொடுக்காமல், எல்லா வேலையையும் ஒருத்தி தலையில் கட்டிவிட்டு, அவள் யாரையும் வளர்க்கவில்லை என்று குறை சொல்வது அநியாயம். திருப்பூருக்குப் போன அந்த அக்காவிடம் இதை நான் கேட்டதே இல்லை.

படி 10: ஒரே தாளில் எழுதி, முதலில் அவரிடம் காட்டுங்கள்

மொத்த மதிப்பெண் போடாதீர்கள். டியூ 95, காலிக் கிண்ணம் ஒன்பது, இரண்டையும் எப்படிக் கூட்டுவது? கூட்டினால் முதலாவது இரண்டாவதை மறைத்துவிடும். ஒரு தாளில் நான்கு பத்தியாகக் கோடு போடுங்கள்: பொறுப்பேற்றபோது, இப்போது, பக்கத்துக் குழு, ஊக்குநரின் விளக்கம். நாலாவது பத்தியை அவரே நிரப்பட்டும், அல்லது அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் முதல்முறையாக அந்தத் தாளை விரிப்பது மாதிரிக் கொடுமை வேறில்லை. தனியாக, அவர் வீட்டில், ஒரு நாள் முன்னால் காட்டிவிடுங்கள். உறுப்பினர் யார் என்ன சொன்னார் என்பது மட்டும் எந்தச் சந்தர்ப்பத்திலும் வெளியே வரக்கூடாது. பதினைந்து பேரில் ஒருவரைக் கண்டுபிடிக்க ஊக்குநருக்கு ஒரு வார்த்தை போதும். அவர்கள் பேசிய தோரணையைக்கூட மாற்றி எழுதுங்கள்.

பிறகு குழுவில் படித்துக்காட்டி, மாற்றிக்கொள்ள ஒரே ஒரு விஷயத்தை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அதே தாள், அதே கேள்விகள். ஆடி, மார்கழியில் வைக்காதீர்கள், கோயில் வேலையில் யாரும் கையில் கிடைக்கமாட்டார்கள்.

இப்படி ஒரு தாளைக் காட்டியபோது ஒரு ஊக்குநர் அம்மா டியூ எண்ணையெல்லாம் தாண்டிவிட்டு, புத்தகம் எழுதுகிறவர்கள் என்ற வரியில் “1” என்று இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவளுங்களுக்கு எழுத வராதுங்க” என்றார். அதை அப்படியே நாலாவது பத்தியில் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்துப் போனபோது தீர்மானப் புத்தகத்தில் நான்கு பேர் கையெழுத்து இருந்தது. அதில் ஒருவர் தீர்மானத்துக்கு மூன்று சுழி போட்டு “தீர்மாணம்” என்று எழுதியிருந்தார். அவர் எழுதிய வாரத்தில் ரொக்கக் கணக்கு ஐந்து ரூபாய் உதைத்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதே கோணல் கையெழுத்தில், போன வாரம் விட்டுப்போன ஐந்து ரூபாய் யாருடைய சந்தா என்று எழுதி, கணக்கை நேர் செய்திருந்தார்.